எங்க நிக்கிறீங்க?

(திருகோணமலை வாசிகசாலை ஒன்றில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வந்திருப்பவர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

போன் பேசிக்கொண்டு வாகனம் ஓட்டக்கூடாது என்று சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் போன மாசியில் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

கந்தளாயிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தேன். தம்பலகாமம் சந்தியில் திரும்பி ஒரு கலியாண வீட்டுக்குப் போக வேண்டும். மகளிடமிருந்து போன் வந்தது. போன் கையில் இல்லை, கார் ஸ்பீக்கரில்தான் பேச்சு. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் றோட்டில். வீட்டுக் கடன், மருமகனின் வேலை என்று கதை நீண்டது. "சரி பிள்ளை, வைக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் பார்த்தால் சந்தியைத் தாண்டிப் பாலையூற்று வந்துவிட்டது! கலியாண வீட்டில் எனக்கு வைத்த சாப்பாடு ஆறிப்போயிருக்கும், அது வேறு கதை.

அந்தச் சந்தி என் கண்ணுக்கு முன்னால்தான் வந்து போயிருக்கிறது. ஆனால் எனக்கு அது வரவேயில்லை. அங்கே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை றோட்டைக் கடந்திருந்தால்? கடந்ததா இல்லையா என்றுகூட என்னால் சொல்ல முடியாது.

இது என் வயதுக் கோளாறு என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2003இல் இதைத்தான் சோதித்து எழுதினார்கள். ஆட்களை, றோட்டைத் திரையில் காட்டுகிற பாவனை வாகனத்தில் உட்கார வைத்து, கையில் பிடிக்காத போனில் பேசிக்கொண்டே ஓட்டச் சொன்னார்கள். கண் எங்கே போகிறது என்பதையும் கருவியால் அளந்தார்கள். வழியோர விளம்பரப் பலகையில் கண் நேராகப் பட்டிருக்கிறது. பிறகு கேட்டால், போனில் பேசியவர்களுக்கு அந்தப் பலகைகள் அவ்வளவாக நினைவில்லை. கண் பட்டது, மனம் படவில்லை.

நம் சொந்தக்காரர் பாதிப்பேர் இருக்கிற ரொறன்ரோவிலும் ஒரு ஆய்வு நடந்தது. 1997இல் வெளிவந்தது. ரெடெல்மையர், திப்ஷிரானி என்ற இருவர், விபத்தில் மாட்டிய 699 சாரதிகளின் போன் கணக்கை எடுத்து, மோதிய நேரத்தோடு ஒப்பிட்டார்கள். பேசும்போது மோதுகிற வாய்ப்பு நாலு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அதில் சலுகை கிடைக்கவில்லை. பொலிஸ்காரர் கையைத்தான் பார்ப்பார், வேறு எதைப் பார்க்க முடியும்? அதனால் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு போகிற தம்பிமார், அபராதத்திலிருந்து தப்பலாம் என்று நினைக்கிறீர்கள். றோட்டில் படுத்திருக்கிற மாட்டிலிருந்து தப்ப மாட்டீர்கள்.

"அப்ப பக்கத்தில இருக்கிற மனிசியோட கதைக்கிறதும் பிழையா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கோட்டைப் பக்கம் மான் குறுக்கே வந்தால் என் மனிசி பேச்சைப் பாதியில் விட்டுவிடுவாள். சில நேரம் "ஐயோ, மான்!" என்று எனக்கு முதலே கத்துவாள். அவளுக்கும் அதே றோட்டுத்தான் தெரிகிறது. போனில் இருப்பவருக்கு மான் தெரியாது. அவர் "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்பார்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். கட்டாரில் தம்பி ஐந்து மணிக்கு வேலை முடித்து அறைக்கு வருகிறான். இங்கே அப்போது ஏழரை. இருட்டிவிட்டது. மூதூர்ப் பக்கம் மாடுகள் தார் றோட்டின் சூட்டுக்கு வந்து படுக்கிற நேரம். அந்த நேரத்தில்தான் அவன் வீட்டுக்கு எடுக்கிறான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டிருக்கிறான், பாவம், எடுக்காமல் இருப்பானா? மோட்டார் சைக்கிளில் போகிற அண்ணன் அதை எடுக்காமல் இருப்பாரா? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இந்த அண்ணனைத் திட்டி எனக்கு மேடைப் பேச்சு வராது.

வாட்ஸ்அப்பில் எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன். அறுபது கிலோமீற்றர் வேகத்தில் ஐந்து செக்கன் குனிந்தால் 83 மீற்றர் கண்ணை மூடிக்கொண்டு போன மாதிரி. கிண்ணியாப் பாலம் கிட்டத்தட்ட 400 மீற்றர். ஐந்து தடவை குனிந்தால் பாலம் முடிந்துவிடும்.

ஓட்டுகிறவரை எல்லோரும் திட்டுகிறோம். அவருக்குப் போன் போடுகிற ஆளை யாரும் திட்டுவதில்லை. நாம் போன் எடுத்தால் முதல் கேள்வியே "எங்க நிக்கிறீங்க?" தானே. "வந்துகொண்டிருக்கிறன்" என்று பதில் வந்த பிறகும் கால் மணித்தியாலம் கதைக்கிறோம்! அன்றைக்கு என் மகளும் கேட்டாள், நானும் சொன்னேன். இப்போது எங்கள் வீட்டில் அந்தப் பதில் வந்தால் அவள் உடனே வெட்டிவிடுவாள். முதலில் எனக்குக் கோபம் வந்தது, மரியாதையில்லாத பிள்ளை என்று. பிறகு பழகிவிட்டது.

ஆட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவர் பின்னால் கையைத் தூக்குகிறார். ஹயர் எல்லாம் போனில்தான் வருகிறது, எடுக்காவிட்டால் அடுத்தவனுக்குப் போய்விடும் என்கிறார். உண்மைதான் தம்பி. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஓரமாக நிறுத்தி எடுங்கள் என்றால், அதற்குள் மணி நின்றுவிடும் என்பீர்கள். நின்றால் நிறுத்திய இடத்திலிருந்தே திருப்பி எடுங்கள். நாலு ஹயரில் ஒன்று போகும். போகட்டும், பின்சீட்டில் இருக்கிறவர் நாளைக்கும் உங்களையே கூப்பிடுவார்.