அம்பலப்புழைக் கடன்
(கொழிஞ்சாம்பாறையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, பிள்ளைகளே, வணக்கம். கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? சரி.

அம்பலப்புழைக் கோயில் பால்பாயசத்தின் கதை உங்களுக்குத் தெரியும். கிழவர் வேடத்தில் வந்த கிருஷ்ணர் செம்பகச்சேரி அரசரைச் சதுரங்கத்தில் தோற்கடித்தார். பந்தயம் அரிசி. முதல் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு, அப்புறம் நான்கு, இப்படியே 64 கட்டம். அரசரால் கொடுத்து மாளவில்லை. தினமும் பாயசமாக ஊற்றிக் கடனை அடையுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மொத்தக் கடன் 18446744073709551615 மணி. கிராமுக்கு நாற்பது மணி என்று வைத்தால் சுமார் 46,000 கோடி டன். இன்று உலகம் முழுக்க ஒரு வருடத்தில் கிடைக்கிற அரிசியே ஏறக்குறைய 50 கோடி டன்தான். நம் பாலக்காட்டு மட்டை அரிசி என்றால் மணி கனம், கடன் இன்னும் ஏறும்.

'அடேயப்பா, எவ்வளவு பெரிசு!' என்பதோடு எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். இந்த எண்ணை உடைத்துப் பார்க்க வேண்டாமா?

இது 4294967296-இன் வர்க்கத்தில் ஒன்று குறைவு. எட்டாம் வகுப்புக் கணக்கு: வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால் இரண்டாகப் பிரியும். எனவே 4294967295 × 4294967297. முதலாவது மறுபடியும் 65536-இன் வர்க்கத்தில் ஒன்று குறைவு; அது 65535 × 65537. தேங்காய் நார் உரிப்பதுபோல இப்படியே உரித்தால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கின்றன. ஐந்தும் பகா எண்கள்.

மிச்சம் 4294967297. இதுவும் பகா எண்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார். இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்பதையும் அவரே பின்னால் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிடுகிறது!

உண்மையில் 257-ஐ வகுத்துப் பார்க்கவே வேண்டாம். 3, 5, 17, 257, 65537, 4294967297 என்ற வரிசையைக் கவனியுங்கள். 3 × 5 = 15, அதோடு இரண்டு சேர்த்தால் 17. 15 × 17 = 255, இரண்டு சேர்த்தால் 257. ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் உள்ள எல்லாவற்றின் பெருக்கலைவிட இரண்டு அதிகம். இரண்டு உறுப்புகளுக்குப் பொதுவாக ஒரு காரணி இருந்தால் அது கூட்டிய அந்த 2 என்ற எண்ணையும் வகுக்க வேண்டும். எல்லாமே ஒற்றைப்படை, ஆகவே வழியில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இருபது இலக்க எண்ணைத் தொடாமலே, அதன் ஏழு பகாக் காரணிகளும் வெவ்வேறானவை என்று தெரிந்துவிடுகிறது. 641-உம் 6700417-உம் பகா எண்கள்; வேறுவேறு என்று பார்த்தாலே தெரியும். ஏழில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம், விடலாம்; ஆகவே இரண்டை ஏழு முறை பெருக்கினால் மொத்தம் 128 வகுத்திகள்.

ஒரு மணி கூடியிருந்தால் எல்லாம் வெறும் இரண்டுகள். பாதி, பாதியில் பாதி என்றுதான் பங்கிட முடியும். ஒரு மணி குறைந்ததால் கடனை மூன்று தவணையாகக் கட்டலாம், 17 தவணையாகக் கட்டலாம், 641 தவணையாகவும் கட்டலாம். ஆனால் வாரத்தின் ஏழு நாளுக்கும் சமமாகப் பிரித்தால் ஒரே ஒரு மணி மிஞ்சும்.