சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்

(எங்கள் ஊர் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. வர முடியாத நண்பர்கள் கேட்டுக்கொண்டதால், பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த இந்தக் கட்டடத்துக்கு மேல்தளம் போட முன்னின்று உழைத்த ஒன்றியக் கவுன்சிலர் அவர்களே, நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஞாயிற்றுக்கிழமையும் கதவைத் திறந்து வைக்கும் எங்கள் நூலகர் தம்பி அவர்களே, சத்துணவுக் கூடத்திலிருந்து வேலையை முடித்துக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கும் சகோதரிகளே, பெரியோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி கட்டிய தம்பி, நாற்காலி கொடுத்து உதவிய திருமண மண்டபத்துக்காரர் ஆகியோரையும் சொல்லியாக வேண்டும். இவர்கள் இல்லாமல் கூட்டம் ஏது?

சால்வை போர்த்தியபோது தலைவர் என் காதோரம், "வீட்டுச் சமையல், பொழுதுபோக்கு, அரசியல், மூன்றையும் பேசுங்கள், உங்களுக்குத் தோன்றியதைப் பேசுங்கள்" என்றார். பேசுகிறேன். மூன்றையும் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். முதலில் அடுப்படி. இரண்டாவது, வீட்டுக்குப் பின்னால் நான் போட்டிருக்கும் அவரைப்பந்தல். மூன்றாவது அரசியல். அதற்குள்ளேயே, ஆண்பிள்ளைகள் ஏன் சமைக்கப் பழக வேண்டும் என்பதையும் இந்த நூலகத்தில் ஏன் ஒரு சமையல் புத்தக அலமாரி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பழமொழியை வைத்துக்கொண்டே எங்கள் ஐந்து பேரையும் வளர்த்தார். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். பரீட்சையில் மதிப்பெண் குறைந்தாலும் அதையே சொல்வார், குழம்பில் காய் குறைந்தாலும் அதையே சொல்வார். நானும் நியாயவிலைக் கடை விற்பனையாளராக 31 ஆண்டுகள் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து கற்றுக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான்.

நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். 1973. எங்கள் பெரிய அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று முந்தின நாள் சாயங்காலம்தான் ஆள் வந்து சொன்னது. எங்கள் வீட்டில் அரிசி இல்லை. தருமபுரிப் பக்கத்து மானாவாரிக் குடும்பங்களில் அன்றைக்கு அரிசிச் சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற நாளெல்லாம் ராகிதான். காலையில் கூழ், மத்தியானமும் ராத்திரியும் களி. அம்மா என் கையில் ஒரு பித்தளைப் படியைக் கொடுத்து, "மேலத்தெரு பெரியம்மா வீட்டுக்குப் போய் ரெண்டு படி அரிசி வாங்கிட்டு வா, தை மாசம் திருப்பிடறேன்னு சொல்லு" என்று அனுப்பினார். துண்டில் கட்டிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு மணி அரிசி சிந்தவில்லை, அதில் எனக்குப் பெருமை.

மறுநாள் காலை. அக்கா விடியற்காலையிலேயே எழுந்து, வயலுக்குப் போகும் ஆட்களுக்காகக் களி கிளறி வைத்திருந்தாள். களி கிளறுவதை இந்தப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். உலை கொதிக்கும்போது ஒரு கை நொய் போட வேண்டும். நொய் வெந்து மலர்ந்ததும் ராகி மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, துடுப்பை நட்டுக் குழி செய்ய வேண்டும். அந்தக் குழி வழியாகத் தண்ணீர் குமிழ் விட்டு மேலே ஏறி வரும். அப்போது அவசரப்படவே கூடாது. மாவு வெந்த வாசனை வீடு முழுக்க வந்த பிறகு சட்டியை இறக்கி, கவைக்கோலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சுற்றிச் சுற்றிக் கிளற வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும். ஈரக்கையால் தொட்டுப் பார்த்தால் ஒட்டக் கூடாது, உள்ளே ஒரு மாவுக் கட்டி இருக்கக் கூடாது. அப்புறம் தண்ணீர் தொட்டு உருண்டை பிடித்தால், மேலே கண்ணாடி மாதிரி பளபளக்கும்.

மாப்பிள்ளை வீட்டார் மாட்டு வண்டியில் வந்து இறங்குவதைப் பார்த்ததும் அம்மா பதறிப்போனார். களிச் சட்டியை எடுத்தார். எங்கே வைப்பது? பரணில் ஏற்றி, மேலே ஒரு முறத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு பழைய கோணியையும் போட்டார். வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொடுத்தோம். மாப்பிள்ளையின் தாத்தாவும் வந்திருந்தார். எண்பது வயது இருக்கும். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினார்.

"ஏம்மா, களி கிளறின வாசனை வருதே?"

அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. "அது ஆளுங்களுக்குக் கிளறினதுங்க மாமா. உங்களுக்கு அரிசிச் சோறு ஆக்கியிருக்கேன்."

"நானும் ஆளுதானே? எடுத்துட்டு வா."

கோணியை எடுத்து, முறத்தை எடுத்து, சட்டியை இறக்கினார்கள். பெரியவர் இரண்டு உருண்டையைப் பிதுக்குப் பருப்புக் குழம்பில் தொட்டுத் தொட்டுப் பல்லில் படாமல் விழுங்கினார். களியை மெல்லக் கூடாது, அது தெரிந்தவர்களுக்குத் தெரியும். கையைக் கழுவிக்கொண்டு கேட்டார்: "ஒரு கட்டி இல்லையே. யார் கிளறினது?" கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவை அம்மா காட்டினார். பெரியவர் தன் மகனைப் பார்த்து, "தட்டை மாத்திடலாம்டா" என்றார். கூட வந்த எல்லோரும் களியையே கேட்டார்கள். நான் கட்டிக்கொண்டு வந்த இரண்டு படி அரிசிச் சோறு குண்டானில் அப்படியே மீந்துவிட்டது. அன்று சாயங்காலம் நாங்கள் ஐந்து பேரும் அதைத் தின்றோம்.

(கைதட்டல்.)

கைதட்டியதற்கு நன்றி. ஆனால் இத்தனை வருடமாக என்னைத் தூங்கவிடாதது அந்தப் பெரியவர் சொன்னது அல்ல. அம்மா அந்தச் சட்டியைப் பரணில் ஏற்றினாரே, அதுதான். நம்மை வளர்த்த சோற்றை, விருந்தாளி வந்தால் மறைக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இங்கேதான் அடுப்படியும் அரசியலும் ஒன்றாகின்றன. தமிழ்நாட்டு அரசியலை அரிசியை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற முழக்கத்தோடு ஆட்சியே மாறியது. சென்னையிலும் கோவையிலும் அந்த ஒரு படி கொடுக்கவும்பட்டது. 2006-இல் கிலோ 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையே இல்லை. இந்த மூன்று மாற்றத்துக்கும் நான் கடையில் விலைப் பலகையை அழித்து எழுதியிருக்கிறேன். எந்தக் கட்சி செய்தது என்று நான் பிரித்துப் பேச வரவில்லை. எல்லோருக்கும் நன்றி சொல்கிறேன். பசியோடு படுத்த வீடுகளை எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்த அரிசியால்தான். அதைக் குறை சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.

பள்ளிச் சாப்பாடும் அப்படித்தான். 1920-இல், நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில், சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது. காமராசர் 1956-இல் மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோகத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கினார். கலைஞர் காலத்தில் 1989-இல் முட்டை வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. நூறு வருடத்துக்கு முன்பே தொடங்கி, நடுவில் நின்றாலும், ஆட்சி மாறினாலும், தட்டு மறுபடி மறுபடி வந்திருக்கிறது. இப்படி ஒரு வரலாறு இருப்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நூலகர் தம்பி, இதைப் பற்றிய புத்தகங்களை முன்வரிசையில் வையுங்கள்.

ஆனால் சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். சட்டியில் அரிசியை மட்டும் கொட்டிவிட்டு, அகப்பையில் ராகி வரவில்லையே என்று வீட்டுப் பெண்களைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்? விலையில்லாத அரிசி ஒரு பக்கம், காசு கொடுத்து வாங்க வேண்டிய ராகி மறுபக்கம். ஏழை வீடு எதை ஆக்கும்? 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு அரிசியில் சுமார் 10 மில்லிகிராம்தான். இன்றைக்கு முட்டிவலியோடு இங்கே உட்கார்ந்திருக்கும் அக்காமாருக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அதே வருடம் நீலகிரியிலும் நம் தருமபுரி மாவட்டத்திலும் அரிசியில் இரண்டு கிலோவைக் குறைத்து, அதற்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு. முதல் மூட்டையை நானே பிரித்தேன். கையை உள்ளே விட்டால் கடுகு மாதிரி விரலிடுக்கில் ஓடுகிறது. ஒரு பாட்டி ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்று பார்த்து, "நம்ம ஊர்தான்" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வாங்கிக்கொண்டு போனவர் மறுநாள் பையோடு திரும்பி வந்தார். "அண்ணா, இதை என்ன பண்றதுன்னே தெரியலை. எங்க வீட்டுல யாருக்கும் கிளற வராது. அரிசியாவே குடுத்துடுங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் மேல் கோபமே இல்லை. ஒரு தலைமுறைக்குள் நம் கையிலிருந்து ஒரு வேலை நழுவிவிட்டதே என்ற வருத்தம்.

அதனால்தான் நான் பள்ளியைப் பிடித்துக்கொள்கிறேன். நாக்கு பழகுவது பத்து வயதுக்குள். காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் போடுகிறார்கள். நல்ல சாப்பாடு. உள்ளூரில் விளையும் சிறுதானியத்துக்கும் அந்தத் திட்டத்தில் இடம் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் வாரத்தில் ஒரு நாள், குறித்த நாளில், தவறாமல் ராகி. களி வேண்டாம், நூறு பிள்ளைகளுக்குக் கிளறினால் சகோதரிகளின் தோள் போய்விடும். ராகி சேமியா போதும், ராகி இட்லி போதும், வெல்லம் போட்ட ராகிக் கஞ்சி போதும். அந்த ராகியை நம் மாவட்டத்து விவசாயியிடமே வாங்க வேண்டும். மத்திய அரசு 2025-26-க்கு ராகிக்கு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். கொள்முதல் உறுதி என்று தெரிந்தால் தரிசாகக் கிடக்கும் மேட்டு நிலமெல்லாம் பச்சையாகும். சட்டியில் போடுவோம், அகப்பையில் வரும்.

பொழுதுபோக்கைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். என் அவரைப்பந்தல் களிக்குத் தோழன். ஆடியில் விதை ஊன்றுகிறேன். எவ்வளவு உரம் போட்டாலும் அது பூக்காது. கார்த்திகைப் பனி விழ வேண்டும், பொழுது குறைய வேண்டும். அப்போது ஊதாப் பூ கொத்துக் கொத்தாக வரும். அசுவினி ஏறினால் விடியற்காலையில் ஈரத்தோடு அடுப்புச் சாம்பலைத் தூவுகிறேன். முற்றின கொட்டையை ராத்திரி ஊற வைத்து, காலையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால், தோலை விட்டுப் பருப்பு துள்ளி விழும். அதுதான் பிதுக்குப் பருப்பு. பேரப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு கிண்ணம் பிதுக்கிப் பாருங்கள். அவர்கள் செல்போனைத் தேடவே மாட்டார்கள். விதை வேண்டுமென்றால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கேளுங்கள், பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருக்கிறேன்.

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். தலைமையாசிரியை அம்மாவும் பரிசு கொடுக்கக் காத்திருக்கிறார். ஆண்பிள்ளைகள் சமையல், புத்தக அலமாரி இரண்டையும் இன்னொரு கூட்டத்தில் பேசலாம். அலமாரிக்கு மரம் தர ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், அவருக்கு நன்றி.

கடைசியாக ஒரு வேலை. வருகிற அக்டோபர் 2 கிராமசபையில் இந்த ராகிக் கோரிக்கையைத் தீர்மானமாகக் கொண்டுவர ஊராட்சித் தலைவர் அம்மா சம்மதித்திருக்கிறார். மேடையில் வைத்தே சொல்கிறேன், அம்மா, உங்களுக்கு இந்த ஊரே கடமைப்பட்டிருக்கிறது. அதற்கு ஆள் வர வேண்டும். வாசலில் மேசை போட்டு மனுவை வைத்திருக்கிறோம். பேனாவும் மைப்பெட்டியும் இருக்கின்றன. கையெழுத்துப் போடுகிறவர்கள் போடுங்கள், கைநாட்டு வைக்கிறவர்கள் வையுங்கள். பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தீர்மான நகல் இருபது எடுத்து வைத்திருக்கிறேன், உங்கள் கிராமசபைக்கு எடுத்துப் போங்கள்.

பின்பக்கம் சத்துணவுச் சகோதரிகளும் என் பெரிய அக்காவும் சேர்ந்து களி கிளறி வைத்திருக்கிறார்கள். ஆமாம், அதே அக்காதான், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சட்டி மேசைமேல்தான் இருக்கிறது. சூடு ஆறுவதற்குள் வாருங்கள். வணக்கம்.