சாரல் எதுவரைக்கும் வருது? தம்பி ஒருத்தர் கேட்ட கேள்விக்கு பதில்

சரி, அடுத்த கேள்வி. காலேஜ் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்காரு, வாசிக்கேன். "அண்ணே, நீங்க ஒரு வாரம் ரயில் பாலம் பத்தி பேசுதீங்க, அடுத்த வாரம் பலாப்பழம், அதுக்கடுத்த வாரம் பழைய பத்திரம். எத புடிச்சுகிட்டு போகணும்னு எப்படி முடிவு பண்ணுதீங்க? எனக்கு ஒரு விஷயத்துல ஆர்வம் வந்தா கூகுள்ல தேடுவேன், பதில் கெடச்சிரும், ரெண்டு நாள்ல ஆர்வம் போயிரும்."

தம்பி, நீங்க கேள்விய மாத்திப் பாருங்க. ஏன் ஏன்னு கேட்டா போன்ல பதில் வந்துரும், நாமளும் ஓஹோன்னுட்டு வேற வேலைய பாப்போம். நான் என்ன பண்ணுவேன்னா, "எதுவரைக்கும்?"னு கேப்பேன். இது எதுவரைக்கும் இப்படி இருக்கு, எங்கன போயி நிக்கி? அதுக்கு போன்ல பதில் இருக்காது, வண்டிய எடுத்துட்டு நாமதான் போயி பாக்கணும். சும்மா சொன்னா வெளங்காது, நடந்தத சொல்லுதேன்.

போன வருசம் ஆனி மாசம், எங்க வீட்டுல சொந்தக்காரப் பிள்ளை ஒண்ணு வெளிநாடு போகுதுன்னு அம்மா திடீர்னு கூழ் வத்தல் போட ஆரம்பிச்சிட்டாங்க. வத்தல் போடுறது பங்குனி சித்திரைலதான, ஆனில செங்கோட்டைல எவனாவது வத்தல் போடுவானா, இங்கன அப்ப குத்தாலச் சீசன், காலைல வெயில் மாதிரி ஒண்ணு வரும், நம்பி தட்டட்டில, அதான் மொட்டை மாடில, வேட்டிய விரிச்சி போட்டா பத்து மணிக்கு மேக்க இருந்து புஸுபுஸுன்னு சாரல் வந்துரும். மூணு நாள் ஏத்தி எறக்குனதுல வத்தல் காயல, புளிச்சிருச்சி. என்னையதான் ஏசுனாங்க, வானத்த பாத்து சொல்லத் தெரியலன்னு.

அன்னைக்கு சுரண்டைல இருக்க எங்க சித்திக்கு போன் பண்ணா, அங்கன வெயில் அடிக்காம், காத்து ஆளத் தூக்குதாம். சித்தி வீடு பைக்ல போனா ஒரு மணி நேரம்கூட ஆகாது. இங்க நனையுது அங்க காயுதுன்னா நடுவுல எங்கயோ ஒரு எடத்துல சாரல் நிக்கணும்லா? மறுநாள் மிச்ச மாவுல அம்மா போட்ட வத்தல ரெண்டு தட்டா பிரிச்சி, ஒண்ண வீட்டுல வச்சிட்டு ஒண்ண வண்டில கட்டிட்டு கெளம்பிட்டேன். தென்காசி தாண்டுற வரைக்கும் மூஞ்சில தூறல், பாவூர்சத்திரம் பக்கம் வரவும் ரோடு காஞ்சி கெடக்கு, அதுக்கப்புறம் வழி நெடுக காத்தாலையா சுத்துது, மேக்குக் காத்து வண்டிய சாய்க்கி. சித்தி வீட்டுல வச்ச தட்டு சாயங்காலத்துக்குள்ள சலசலன்னு காஞ்சிருச்சி. வீட்டுத் தட்டு மறுநாளும் ரப்பர் மாதிரிதான் இருந்தது.

இப்ப காரணம். கடல்ல இருந்து ஈரத்தோட வார காத்து கேரளா பக்கம் மலைல முட்டி மேல ஏறுது, ஏறுனா குளுரும். ஈரம் மேகமா மாறாத வரைக்கும் ஒரு கிலோமீட்டர் ஏறுனா சுமாரா 10 டிகிரி கொறையும். மேகம் கட்ட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அவ்வளவு கொறையாது, 5, 6 டிகிரிதான். ஏன்னா மண்பானைத் தண்ணி எப்படி குளுருது, பானைல கசியுற தண்ணி ஆவியா போகும்போது சூட்ட எடுத்துட்டு போகுது, அந்த ஆவி திரும்ப தண்ணியாகும்போது எடுத்த சூட்ட திருப்பிக் குடுக்கணும்லா, அதான் அங்க நடக்கு. கணக்குக்கு, அடிவாரத்துல 30 டிகிரில கெளம்பின காத்துன்னு வைங்க, முதல் 500 மீட்டர்ல 25 ஆயிரும், அங்க மேகம் கட்டுது, மழைய கொட்டிகிட்டே இன்னும் ஒரு கிலோமீட்டர் ஏறுனா 20. இப்ப ஈரத்த எல்லாம் எறக்கி வச்சிட்டு வெறும் காத்தா நம்ம பக்கம் ஒன்றரை கிலோமீட்டர் எறங்குது, எறங்குறப்ப கிலோமீட்டருக்கு 10 டிகிரி ஏறும், ஆக 35. 30ல போன காத்து 35ல வருது, கூடவே காஞ்சி போயி வருது. வத்தலுக்கு வேற என்ன வேணும்?

இந்த மாதிரி காத்துக்கு ஆல்ப்ஸ் மலைப் பக்கம் ஃபோயன்னு பேரு. ஜெர்மன்காரங்க தலைமுடி காய வைக்கிற மெஷினையும் அதே பேருலதான் சொல்லுதாங்க. இத அம்மாகிட்ட சொன்னேன், ஒண்ணும் சொல்லல, ஒரு மாதிரியா பாத்தாங்க.

அப்ப செங்கோட்டைக்கும் குத்தாலத்துக்கும் மட்டும் ஏன் சாரல்னா, நமக்கு மேக்க ஆரியங்காவு பக்கம் மலை தணிஞ்சிருக்கு, கணவாய். அந்த வழியா மேகம் முழுசா கொட்டாம நழுவி இந்தப் பக்கம் கொஞ்ச தூரம் வந்துருது, அதோட மிச்சம்தான் நம்ம சாரல். பாலக்காட்டுக் கணவாய், நம்ம செங்கோட்டை, தெக்க ஆரல்வாய்மொழி, எங்கெங்க மலைல சந்து இருக்கோ அதுக்கு கெழக்கதான் காத்தாலை கூட்டங்கூட்டமா நிக்கும், முப்பந்தல் பாத்திருப்பீங்க.

இதோட முடிஞ்சிருச்சின்னுதான் நெனச்சேன். அப்புறம் வேற ஒரு சோலிக்காக ஆச்சியோட டிரங்குப் பொட்டிய திறந்தா ஒரு நெலப் பத்திரம், 1110 கர்க்கடக மாசம்னு போட்டிருக்கு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் முதல்ல திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சின்னு அந்தப் பக்கம் இருந்த ஊரு, அதுக்கப்புறம்தான் மெட்ராஸ் ஸ்டேட்டு, அதனால பழைய பத்திரத்துல எல்லாம் மலையாள வருசக் கணக்கு, கொல்லம் ஆண்டுதான் இருக்கும். 825 கூட்டுனா 1935. கர்க்கடகம்னா நம்ம ஆடி. ரெண்டும் ஒரே மாசம் தம்பி, ஒரே காத்து.

அந்தப் பக்கம் புனலூர், கொல்லம்னு போனா கர்க்கடகம்னாலே மழை மாசம். வேலை கெடையாது, வீட்டுக்குள்ள ஒக்காந்து ராமாயணம் வாசிப்பாங்க, மருந்துக் கஞ்சி குடிப்பாங்க, அந்தக் காலத்துல பஞ்ச மாசம்னே பேரு. இந்தப் பக்கம் அதே மாசத்துக்கு நாம என்ன சொல்லுதோம், ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும். (அது அம்மி இல்ல, அம்மைனு ஒரு விளக்கம் வாட்ஸப்ல சுத்துது, எனக்கு அதுல ஒப்புதல் இல்ல, பழமொழின்னா கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும், அதையும் புடுங்கிட்டா என்னத்துக்கு பழமொழி.) ஒரே காத்து ஏறும்போது மலையாளத்துல கஞ்சி, எறங்கும்போது தமிழ்ல அம்மி. எல்லைன்னு போர்டு ஆரியங்காவு ரோட்டுல நிக்கி, எனக்கென்னமோ மேகம் போட்ட எல்லைதான் பெருசா தெரியுது.

இன்னொண்ணு. பழைய தமிழ்ல நாலு தெசைக் காத்துக்கும் நாலு பேரு, தெக்க இருந்து வந்தா தென்றல், வடக்க இருந்து வாடை, கெழக்க இருந்து கொண்டல், மேக்க இருந்து வந்தா கோடை. பள்ளிக்கூடத்துல படிக்கும்போது எனக்கு இது ஒதைக்கும், மேக்க இருந்து வாரது ஈரக் காத்தாச்சே, குத்தாலத்துல நடுங்குதோமே, அதுக்கு போயி கோடைனு பேரான்னு. சித்தி வீட்டு வாசல்ல நின்னு அந்த வறக் காத்த மூஞ்சில வாங்குன அன்னைக்குத்தான் தோணுச்சி, பேரு வச்சவங்க மலைக்கு கெழக்க, சமவெளில இருந்திருப்பாங்க. இது என்னோட யூகம், பரிட்சைல எழுதிராதீங்க.

ஆக பாருங்க, நான் எதையும் முடிவு பண்ணல தம்பி. வத்தல் காயலன்னு ஏச்சு வாங்குனேன், அவ்வளவுதான். உங்களுக்கு ரெண்டு நாள்ல ஆர்வம் போகுதுன்னா போகட்டும், எனக்கும் அந்தப் பத்திரம் கெடைக்கிற வரைக்கும் ஆறு மாசம் இது ஞாபகத்துலயே இல்ல. உங்க ஊரு எதுன்னு போடல, எந்த ஊரா இருந்தாலும் ஒரு பழம், ஒரு பேச்சு, ஒரு கொழம்பு எதுவரைக்கும் போகுதுன்னு ஒருநாள் பஸ் ஏறிப் பாருங்க.

ஆங், அம்மாவ சொல்ல மறந்துட்டேன். இவ்வளவும் கண்டுபுடிச்சிட்டு வந்து பெருமையா சொன்னேன், இனிமே சீசன்ல வத்தல் போடணும்னா சித்தி வீட்டுக்கு கொண்டு போயிரலாம்மானு. "ஏலே, எங்கம்மா அப்படித்தானல காயவைப்பா, பஸ்ஸுல தூக்குச்சட்டில மாவு கொண்டு போவா. நீ கேட்டியா?"ங்காங்க.

சரி, அடுத்த கேள்வி குத்தாலத்து மாங்குஸ்தான் பத்தி, கொஞ்சம் இருங்க, கண்ணாடிய போட்டுக்கிடுதேன்.