முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு ஊசி விலக்குக் கடிதம் எடுக்கலாமா?

களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறா. மகனுக்கு 5 வயசு முடிஞ்சிட்டு, முதலாம் தரத்துக்குப் போகப்போறார். 3 வயசு எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான ஊசி) தவறிப்போச்சு, 5 வயசு ஊசியும் போடல்ல. "ஊசி போட்டா காய்ச்சல் வாற புள்ள, முட்டையும் ஒத்துக்காது. டொக்டர்ட்ட விலக்குக் கடிதம் எடுத்து ஸ்கூலுக்குக் குடுக்கலாமா?"

இந்த ரெண்டுக்கும் கடிதம் கிடையாது. காய்ச்சல் வாறது உடம்பு வேலை செய்யிறதால. முட்டைக் கதை எம்எம்ஆர் கிருமியைக் கோழிக்கருக் கலங்கள்ல வளர்க்கிறதால வந்தது. ஊசிக்குள்ள முட்டைப் புரதம் இருக்கிறது இல்லாத மாதிரித்தான். முட்டை சாப்பிட்டு மூச்சு முட்டின புள்ளையெண்டா முன்கூட்டியே சொல்லுங்க, ஆஸ்பத்திரியில வச்சுப் போடுவாங்க.

உண்மையான தடை வேற. முந்தின அதே ஊசிக்கு முகம் வீங்கி, மூச்சுத் திணறி விழுந்த புள்ள. புற்றுநோய் மருந்து ஏறுற புள்ள, நிறைய ஸ்டீரொயிட் நாள்கணக்கா எடுக்கிற புள்ள: இவங்களுக்கு எம்எம்ஆர் மாதிரி உயிருள்ள ஊசியும் (பலவீனமாக்கின உயிர்க்கிருமி இருக்கிறது), போலியோ சொட்டும்தான் கூடாது, டிப்தீரியா, ஏற்புவலி ஊசி போடலாம். கிட்டடியில ரத்தம் ஏத்தினதெண்டாலும் சொல்லணும்; அந்த ரத்தத்தில இருக்கிற எதிர்ப்பு, எம்எம்ஆரை வேலை செய்ய விடாது. தடிமனும் லேசான இருமலும் தடையே இல்ல.

மறுகா, நான் எப்பவும் சொல்றதுதான்: விட்ட இடத்தில இருந்து போடுங்க. 2 வருஷம் பிந்தினாலும் முதல்ல இருந்து தொடங்கத் தேவையில்ல. இடைவெளி கூடினதால முந்தின டோஸ் அழிஞ்சு போகாது. குறைஞ்சாத்தான் பிரச்சினை: உயிருள்ள ரெண்டு ஊசியை ஒரே நாள்ல போடணும், இல்லாட்டி 4 கிழமை விடணும். இந்த மகனுக்கு எம்எம்ஆர் ரெண்டாவது டோஸ், 5 வயசு டிடி (டிப்தீரியா, ஏற்புவலி ஊசி), போலியோ சொட்டு மூண்டையும் ஒரே நாள்ல குடுக்கலாம், ஊசி ரெண்டும் வேற வேற இடத்தில. பிந்தப் பிந்த இன்னொண்டு: 7 வயசு தாண்டினா சின்னப் புள்ளைகள்ட டிடி இல்ல, டிப்தீரியா அளவு குறைஞ்ச ஊசிதான், கூடின அளவைப் போட்டா கை கூடுதலா வீங்கும். டிடிக்கு முதல் ஒண்டு ரெண்டு நாள்ல காய்ச்சல் வரலாம். எம்எம்ஆர் காய்ச்சல் 7 நாள் தொட்டு 12 நாளைக்குள்ள வரும், அதால "இது ஊசியால வந்ததில்ல" எண்டு நினைப்பீங்க.

ஊசி போட்ட காட் துலைஞ்சாலும் பயப்படாதீங்க. உங்கட பகுதி மிட்வைஃப் மிஸ்ட பதிவேட்டில இருக்கும். வெளிநாட்டில போட்டதெண்டா அந்தக் காட்டை எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசுக்குக் கொண்டுபோங்க. பதிவே இல்லாட்டிப் போடல்ல எண்டு எடுத்துப் போடுவாங்க. எம்எம்ஆர், போலியோ ஒண்டு கூடினாலும் கெடுதல் இல்ல.

உண்மையில நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி முதலாம் தரம் இல்ல, ஆறாம், ஏழாம் தரம். 2019ல இலங்கை சின்னமுத்தை ஒழிச்ச நாடெண்டு பேரெடுத்தோம், 2023ல திரும்பி வந்திட்டு. அதால சின்னனுகளைக் கவனிக்கிறோம். ஆனா ஆறில பொம்புளப் புள்ளைகளுக்கு எச்பிவி (கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கிற ஊசி), 6 மாசம் விட்டு ரெண்டாவது. ஏழில எல்லாருக்கும் ஏடிடி (மேல சொன்ன டிப்தீரியா அளவு குறைஞ்ச ஊசி). பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வாற நாள்ல புள்ள ஸ்கூலுக்குப் போகாட்டி, ரெண்டாவது டோஸ் அப்படியே விடுபட்டிடும். தாய் தகப்பன் சம்மதம் சொல்லிக் கையெழுத்து வைக்கிற கடுதாசி புத்தகப் பையிலேயே கிடக்கும். தவறினா அடுத்த கிழமையே எம்ஓஎச் ஒபிசுக்குக் கூட்டிப்போங்க, அடுத்த வருஷம் வருவாங்கதானே எண்டு இருக்காதீங்க.