மார்கழித் தேங்காய் எண்ணெய்

நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுகூட விழாது. எங்கள் வீட்டில் ஆச்சி அதை முற்றத்து வெயிலில் வைத்துவிட்டு, என்னைக் காவலுக்கு உட்கார வைப்பார். முதலில் ஓரம் தெளியும். நடுவில் வெள்ளையாக ஒரு கட்டி நிற்கும். அப்புறம் அதுவும் காணாமல் போகும். அதே எண்ணெய்தான், எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. 24 டிகிரி செல்சியஸ் வாக்கில் இந்த மாற்றம் நடக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் மட்டும் ஏன் உறையவில்லை என்று கேட்பேன். "அது அப்படித்தான்" என்பார் ஆச்சி. எனக்கு அந்தக் கேள்வி இன்றுவரை விடவில்லை.

ஒரு கட்டு விறகை நினைத்துக்கொள்ளுங்கள். நேரான குச்சிகள் நெருக்கமாக அடங்கும். கோணல் குச்சிகள் சந்து விட்டுத்தான் நிற்கும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு மூலக்கூறுகளில் உள்ள சங்கிலிகள் பெரும்பாலும் நேரானவை, நெருங்கி நின்று எளிதில் உறைந்துவிடும். நல்லெண்ணெயில் கோணல் அதிகம். அதனால் அது உறைய இன்னும் குளிர வேண்டும்.

சரி, இதற்கும் உயிருக்கும் என்ன உறவு? நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி, இரண்டே மூலக்கூறு தடிமனில் ஒரு கொழுப்புச் சவ்வு இருக்கிறது. அது உறைந்தால் அதில் பதிந்திருக்கும் புரதங்கள் நகர முடியாது. ரொம்ப இளகினால் ஒழுகும். உறையவும் கூடாது, ஒழுகவும் கூடாது.

நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவைக் குளிரில் வளர்த்தால் சவ்வில் கோணல் கொழுப்பைக் கூட்டிக்கொள்கிறது. சூட்டில் வளர்த்தால் நேர் கொழுப்பைக் கூட்டுகிறது. 1974-இல் சினென்ஸ்கி என்ற ஆய்வாளர் அந்தச் சவ்வின் இளக்கத்தை அளந்தார். 15 டிகிரியில் வளர்ந்ததோ 43 டிகிரியில் வளர்ந்ததோ, வளர்ந்த வெப்பநிலையில் சவ்வின் இளக்கம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆச்சி வெயிலைத் தேடினார். பாக்டீரியாவோ எண்ணெயையே மாற்றிக்கொள்கிறது! எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

கண்ணாடிக்கு அப்பால் நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். செல்லுக்கு உள்ளேயும் புரதம் போன்றவை திரண்ட துளிகள் உண்டு. 2009-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிராங்வின், ஹைமன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் ஒரு புழுவின் கருவில் அவற்றைக் கவனித்தார்கள். சவ்வே இல்லாத அந்தத் துளிகள், ரசத்தில் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகளைப் போல ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. இப்படிப்பட்ட துளிகள் இறுகிப்போவதற்கும் சில நரம்பு நோய்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். மறுபடி அழைத்தால் அங்கிருந்தே தொடங்குகிறேன். வணக்கம்.