தூரத்து வெளிச்சம் ஒன்றா, இரண்டா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பிளஸ் டூ மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார், சிலி நாட்டில் பரானல் மலையில் நான்கு தொலைநோக்கிகளைச் சேர்த்து 130 மீட்டர் தொலைநோக்கி மாதிரிப் பயன்படுத்துகிறார்கள் என்றீர்களே. சேர்த்தால் நிஜமாகவே அவ்வளவு பெரியது ஆகிவிடுமா?"

நல்ல கேள்விம்மா. நுணுக்கத்தில் ஆகும், வெளிச்சத்தில் ஆகாது.

ராத்திரியில் வேலந்தாவளம் ரோட்டோரம் நின்றால் தூரத்து லாரி ஒரே ஒரு வெளிச்சப் புள்ளியாகத்தான் தெரியும். கிட்டே வரவரப் புள்ளி அகலும், நடுவில் ஒரு இருட்டு விழும், அப்புறம் இரண்டு ஹெட்லைட்டாகப் பிரியும். எவ்வளவு தூரத்திலேயே இரண்டு என்று சொல்ல முடிகிறதோ, அதுதான் பிரிதிறன். பரானலின் 8.2 மீட்டர் கண்ணாடி ஒன்று, 2.2 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியில், காற்றின் கலக்கத்தைச் சரிசெய்துவிட்டால், அந்த ஹெட்லைட்டுகளைச் சுமார் 5,500 கிலோமீட்டர் வரை பிரித்துக் காட்டும். 130 மீட்டர் தள்ளி நிற்கிற இரண்டைச் சேர்த்தால்? ஏறக்குறைய 88,000 கிலோமீட்டர்! பூமியை இரண்டு சுற்றுச் சுற்றினாலும் அவ்வளவு தூரம் வராது. அலைநீளத்தைக் கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள தூரத்தால் (ஒரே கண்ணாடி என்றால் அதன் அகலத்தால்) வகுத்து, ஹெட்லைட்டுகளுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் என்று வைத்து அதை அந்த விடையால் வகுத்துப் பாருங்கள், நீங்களே போடக்கூடிய கணக்குதான்.

சேர்ப்பதுதான் பெரும்பாடு. ரேடியோ அலையை அங்கங்கே பதிவு செய்துகொண்டு பிறகு கம்ப்யூட்டரில் சேர்க்கலாம். அகச்சிவப்பு ஒளி வினாடிக்குக் கோடி கோடி தடவைக்கு மேல் துடிக்கிறது. அப்படிப் பதிய முடியாது. ஒளியையே கொண்டுவந்து ஓரிடத்தில் கலக்க வேண்டும். பூமி சுழலச் சுழல, ஒரு தொலைநோக்கிக்கு ஒளி முந்தி வரும், இன்னொன்றுக்குப் பிந்தும். அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட, நிலத்தடிச் சுரங்கத்தில் தண்டவாளத்தின் மேல் கண்ணாடி வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒரு மைக்ரானுக்கும் குறைவான துல்லியத்தில்! அது பொருந்தினால்தான் இருட்டும் வெளிச்சமுமாய் வரிகள் விழும். அந்த வரிகளில்தான் தகவல் இருக்கிறது.

சரி, ஏன் அகச்சிவப்பு? மத்தியான வெயிலில் நம் ரோட்டின் மேல் காற்று அலைஅலையாய் நெளியுமே, அந்த நெளிவு நீண்ட அலைகளைக் குறைவாகத்தான் குலைக்கும். இன்னொன்று தூசி. நம் பால்வெளியின் நடுவிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் இங்கே வந்து சேர்கிறது. 2.2 மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு வந்துவிடும்.

அதனால்தான் 2018 மே மாதம், பரானலின் நான்கு தொலைநோக்கிகளின் ஒளியையும் சேர்க்கிற கிராவிட்டி என்ற கருவியால் அந்தக் காட்சியைப் பிடிக்க முடிந்தது. பால்வெளியின் நடுவில் இருக்கும், 40 லட்சம் சூரியன்களின் நிறையுள்ள கருந்துளையை எஸ்2 என்ற விண்மீன் 16 வருடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. அன்று வினாடிக்குச் சுமார் 7,600 கிலோமீட்டர் வேகத்தில் கருந்துளைக்கு மிக அருகே கடந்துபோனது. நேற்று இருந்த இடத்திலிருந்து இன்று நகர்ந்திருப்பதை அளந்தார்கள். 26,000 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரே நாளில் நகர்ந்ததை! எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

ஆனால் நான்கு கண்ணாடிகள் நான்கு கண்ணாடிகளின் வெளிச்சத்தைத்தான் பிடிக்கும். 130 மீட்டர் வட்டத்தின் மற்ற இடமெல்லாம் காலி. அதனால் ரொம்ப மங்கலான பொருள்கள் சிரமம், பார்க்கும் பரப்பும் மிகச் சிறியது. ஒரு முழு கேலக்ஸியைப் படம் எடுக்க இதை நாட மாட்டார்கள். காலியிடத்தைக் கொஞ்சமாவது நிரப்பத்தான் அங்கே 1.8 மீட்டர் தொலைநோக்கிகள் நான்கைத் தண்டவாளத்தில் இடம் மாற்றி மாற்றி நிறுத்துகிறார்கள். அவற்றை 200 மீட்டர் வரை தள்ளி வைக்கலாம். இடம் மாற மாற வரிகளும் மாறும். எல்லாவற்றையும் கோர்த்துத்தான் ஒரு விண்மீனின் முகத்தைப் படமாக்குகிறார்கள்.