11 வயசுப் பையன், 10 கருவேப்பிலைக் கன்று, 21 வெள்ளி

எல்லாருக்கும் வணக்கம், பசியாறிட்டீங்களா? பின்னாடி வரிசையா தொட்டி தெரியுது பாருங்க, இது எங்க வீட்டு வாசல், அடுக்குமாடி புளோக் காரிடார்தான். தொட்டியெல்லாம் என் பையனோடது. அவனுக்கு இப்போ 12 வயசு. போன வருஷம் தொடக்கநிலை 5 படிக்கிறப்போ ஒரு நாள் வந்து, "அம்மா, நான் வேலைக்குப் போகணும், சம்பாதிக்கணும்"னு சொன்னான். அன்னைக்கு ஆரம்பிச்ச கதையத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

முதல்ல சட்டம். நம்ம சிங்கப்பூர்ல 13 வயசு ஆகாத பிள்ளைய எந்தக் கடையும் வேலைக்கு வைக்க முடியாது. 13 ஆகி 15 ஆகுற வரைக்கும் தொழிற்சாலை மாதிரி இல்லாத இடத்துல, லேசான வேலை மட்டும்தான். அதுலயும் ராத்திரி 11 மணியிலேருந்து காலைல 6 மணி வரைக்கும் கூடாது, ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல கூடாது. ரொம்ப சரியான சட்டம். ஆனா வேலைன்னா என்னன்னு தெரிஞ்சுக்க பிள்ளைங்க 13 வயசு வரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல.

நிறைய பேர் வீட்டு வேலைக்குக் காசு குடுக்குறாங்க. தட்டு கழுவினா 50 காசு, படுக்கை மடிச்சா 20 காசு. எனக்கு அதுல சம்மதம் இல்ல. அவன் சாப்பிட்ட தட்ட அவன் கழுவுறதுக்கு நான் ஏன் கூலி குடுக்கணும்? அது வீட்ல இருக்குறவங்க எல்லாரும் செய்யுறது. வெளி ஆளுக்கு ஒரு பொருளக் குடுத்து, அவங்க திருப்தியா வாங்கிட்டுப் போனா வர்ற காசு வேற. அத அவன் பார்க்கணும்னு நெனச்சேன்.

எங்க புளோக் பக்கத்துல ஒரு சமூகத் தோட்டம் இருக்கு. அங்க நல்லா வளர்ந்த கருவேப்பிலை மரம். பழம் கறுத்துத் தொங்கும், மைனா வந்து கொத்தும். தோட்டத்தப் பார்த்துக்குற அங்கிள்கிட்ட இவனே போய்க் கேட்டு ஒரு கைப்பிடி பழம் வாங்கிட்டு வந்தான். சதைய நசுக்கி, கழுவி, அன்னைக்கே ஊன்றணும். காயவச்சு எடுத்து வச்சா முளைக்காது. 20 விதையில 14 முளைச்சுது, அதுல 10 நல்லா தேறுச்சு. மண் 5 வெள்ளி, அதாவது 5 டாலர், தொட்டி ஒண்ணு 60 காசு, மொத்தம் 11 வெள்ளி என்கிட்ட கடன்.

கருவேப்பிலை அவசரமே படாத செடிங்க. மார்ச்ல ஊன்றினது செப்டம்பர்லதான் ஒரு சாண் வந்துச்சு. நடுவுல ஒரு கன்றுல பறவை எச்சம் மாதிரி ஒரு புழு உக்காந்திருந்துச்சு. இவன் எச்சம்னே நெனச்சு விட்டுட்டான். பட்டாம்பூச்சிப் புழு அது, கொஞ்ச நாள்ல பச்சையாகி கன்ற மொட்டையாக்கிடுச்சு. அன்னைக்கு அழுதான். தினமும் இலைக்கு அடியில திருப்பிப் பார்க்குற பழக்கம் அப்புறம்தான் வந்துச்சு. காரிடார்ல வைக்கிறதுனால நடைபாதை 1.2 மீட்டர் விட்டிருக்கான்னு டேப் வச்சு அளந்தான். கொசு வரக்கூடாதுன்னு தட்டுல தண்ணி தேங்காம கொட்டுறதும் அவன் பொறுப்பு.

ஒரு கன்று 4 வெள்ளி. தெரிஞ்ச வீட்டுக்கு மட்டும்தான் போவோம், நான் லிஃப்ட் பக்கத்துல நிப்பேன், கதவ அவன்தான் தட்டணும். முதல் வீட்டுல மலாய்க்கார ஆன்ட்டி, மக்சிக்னு கூப்பிடுவோம், கதவத் திறந்ததும் இவனுக்குப் பேச்சே வரல, தொட்டிய நீட்டிக்கிட்டே நிக்கிறான். அவங்களே இலையக் கிள்ளி மோந்து பார்த்துட்டு வாங்கிக்கிட்டாங்க. நாலாவது வீட்டுல இவனே விலை சொல்ற அளவுக்கு வந்துட்டான்.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்தது. 9-ஆவது மாடிப் பாட்டி ஒண்ணு வாங்கியிருந்தாங்க. ரெண்டு வாரம் கழிச்சு லிஃப்ட்ல பார்த்து, "தம்பி, உன் செடி செத்துப் போச்சேப்பா"ன்னாங்க. இவன் மூஞ்சி செவந்துடுச்சு. வீட்டுக்கு வந்ததும், "நான் குடுக்கும்போது நல்லாத்தானேம்மா இருந்துச்சு"ன்னு வாதம் பண்றான். நான் காச எடுத்துக் குடுத்து முடிச்சிருக்கலாம், பர்ஸ் பக்கம் கையும் போச்சு. குடுக்கல. "பாட்டி வீட்டுக்குப் போய் செடியப் பாரு"ன்னேன். போனான். தட்டு நிறைய தண்ணி, வேர் அழுகியிருக்கு. தினம் ரெண்டு வேளை ஊத்தியிருக்காங்க. "நீ எப்படி ஊத்தணும்னு சொல்லலையேப்பா"ன்னு பாட்டி கேட்டாங்களாம். அதுக்கு இவன்கிட்ட பதில் இல்ல.

வந்து கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தான். அப்புறம் விக்காம இருந்த கடைசிக் கன்ற எடுத்துக்கிட்டான். ஒரு அட்டையில தமிழ்ல மூணு வரி எழுதினான். "மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது. வெயில் வேண்டும்." வெயிலுக்கு என்ன 'ல'ன்னு என்னக் கேட்டு, அழிச்சு எழுதினான். தமிழ்க் கட்டுரைக்கு அவன் இவ்வளவு கவனமா எழுதி நான் பார்த்ததில்ல. காசு வாங்காம குடுத்துட்டு வந்தான். மத்த 7 வீட்டுக்கும் அதே அட்டைய எழுதிக் கொண்டுபோய்க் குடுத்தான். நான் சொல்லல.

கணக்கு: 8 கன்று வித்து 32 வெள்ளி. கடன் 11 போக 21. மொதல்ல 40 வெள்ளி வரும்னு கனவு கண்டுக்கிட்டிருந்தான். தினம் 10 நிமிஷம், ஆறு மாசத்துக்கு 30 மணி நேரம்னு அவனே வகுத்துப் பார்த்து, ஒரு மணிக்கு 70 காசுன்னு சொன்னான். காப்பிக்கடையில ஒரு தே ஓ, பால் இல்லாத டீ, கூட வராது. உடனே, "கீழ கூட்டுற அங்கிளுக்கு ஒரு மணிக்கு எவ்வளவும்மா?"ன்னு கேட்டான். துப்புரவு வேலைக்கு 2014-லேருந்து படிப்படியா ஏறுற சம்பள முறை இருக்குன்னு சொல்லி, ரெண்டு பேரும் உக்காந்து தேடிப் படிச்சோம். இப்போ அந்த அங்கிளப் பார்த்தா நின்னு காலை வணக்கம் சொல்றான்.

செடிக்கு இடம் இல்லன்னா வேற வழி இருக்கு. தீபாவளிக்கு வீட்ல முறுக்கு ஆர்டர் எடுக்குறவங்க பிள்ளைய எடை பார்க்க, பேர் எழுத, பாக்கி காச எண்ணிக் குடுக்க உக்கார வைங்க. குடிபான பாட்டிலுக்கும் டின்னுக்கும் 10 காசு முன்பணம் திரும்பக் கிடைக்கிற திட்டம், 2026 ஏப்ரல் 1 தொடக்கத் தேதி, அதுவும் சின்னப் பிள்ளைக்கு நல்ல எண்ணுற வேலை. ஆனா யாரோ ஒருத்தர் முகத்தப் பார்த்துக் குடுக்குற வேலையா இருந்தா இன்னும் நல்லது.

அந்த 21 வெள்ளி அவன் சேமிப்புக் கணக்குல இருக்கு. பள்ளிச் சேமிப்பு இயக்கத்த பிஓஎஸ்பி வங்கி 1969-லேயே தொடங்கினதுன்னு எங்க அப்பா இப்பவும் பெருமையா சொல்வார், பேரன் வங்கிக்குப் போனப்போ அவரும் கூடவே போனார்.

இந்த வருஷம் 30 விதை ஊன்றியிருக்கான். 15 வெள்ளி கடன் கேட்டான், எப்போ திருப்பித் தருவன்னு கேட்டேன். இந்தாங்க, ஃப்ரிட்ஜ்ல அவனே எழுதி ஒட்டியிருக்கான், கிட்ட காட்டுறேன்: "30 செப்டம்பர். புழு வந்தால் 15 அக்டோபர்."